சிக்கந்தர்: கிரேக்கத்தில் பிறந்து நம் வீட்டுக்கு வந்த பெயர்

குலசேகரன்பட்டினத்தில் ஒரு வீட்டிலிருந்து மக்ரிபு தொழுகைக்குப் பிறகு நம்மை வரச் சொல்லியிருந்தார்கள். பேரப்பிள்ளை பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ஏழாம் நாள் அகீகாவுக்கு இரண்டு ஆடு பேசி முடித்தாகிவிட்டது. சொந்தபந்தங்களுக்கும் சொல்லியாகிவிட்டது. பெயர் மட்டும் முடிவாகவில்லை.

"அவுஹ பேரத்தான் வைக்கணும் ஹஜ்ரத்" என்றார் குழந்தையின் வாப்பும்மா. அவுஹ என்றது மவுத்தாகிவிட்ட தம் கணவரை. நாற்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும் கணவர் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அது. அந்தப் பெயர் சிக்கந்தர் என்பது தெருவுக்கே தெரியும்.

தடை சொன்னவர் குழந்தையின் சாச்சா. வளைகுடாவில் வேலை, விடுமுறையில் வந்திருந்தார். மார்க்கப் பற்றுள்ள பிள்ளை. கைபேசியில் ஒரு பயானில் கேட்டிருக்கிறார்: சிக்கந்தர் என்றால் அலெக்சாண்டர், அவன் சிலைகளை வணங்கிய கிரேக்க மன்னன் என்று. "காஃபிர் ராஜா பேர நம்ம புள்ளைக்கு எதுக்கு வைக்கணும்? ஸஹாபாக்கள் பேருக்கா பஞ்சம்?" என்றார். வாப்பும்மாவின் காக்கா விடவில்லை. "துல்கர்னைனுடைய பேருதான்டா சிக்கந்தர். குர்ஆன்ல உள்ள பேர வேணாம்கிறியா?" என்று அவர் எழுந்தே விட்டார். சத்தம் கூடியது. குழந்தையின் உம்மா அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று இரவு நாம் சொன்னது கொஞ்சம்தான். இஷாவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஆனால் இதே கேள்வி உடன்குடியிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும்கூட நம்மிடம் வந்திருக்கிறது. சிக்கந்தர் என்ற பெயர் செய்திகளில் அடிபடத் தொடங்கிய பிறகு அடிக்கடியே வருகிறது. ஆகவே அன்று விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: சாச்சா சொன்ன காரணமும் சரியில்லை, காக்கா சொன்ன காரணமும் சரியில்லை.

பெயர் பிறந்த இடம்

அலெக்சாண்ட்ரோஸ் என்பது கிரேக்கப் பெயர். காப்பது, வரும் தீங்கைத் தடுப்பது என்ற பொருளுள்ள ஒரு வினைச்சொல்லும், ஆண் அல்லது மனிதன் என்ற பொருளுள்ள ஒரு பெயர்ச்சொல்லும் சேர்ந்தது. மனிதரைக் காப்பவன் என்று தமிழில் சொல்லலாம். பெயருக்குள் எந்தச் சிலையின் பெயரும் இல்லை, எந்தத் தெய்வத்துக்கும் அடிமை என்ற பொருளும் இல்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் பள்ளிப் பாடநூலில் வரும் மாசிடோனிய அலெக்சாண்டர் பிறந்தது கி.மு. 356ல். பெயரோ அவனைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது. இன்றைய துருக்கியில் ஆண்ட ஹிட்டைட் பேரரசன் முவத்தல்லி, கி.மு. 13ஆம் நூற்றாண்டில் விலூசா என்ற நாட்டின் அரசனோடு ஓர் உடன்படிக்கை செய்தான். அந்தச் சிற்றரசனின் பெயர் அலக்சாந்து. கிரேக்கத்தின் மைசீனியில் கிடைத்த, ஏறக்குறைய அதே காலத்துக் களிமண் பலகை ஒன்றில் இதே பெயர் பெண்பாலாக, அலெக்சாண்ட்ரா என்பதன் பழைய வடிவில் இருக்கிறது. ஹோமரின் இலியட் காவியத்தில் டிராய் நகரத்து இளவரசன் பாரிஸுக்கு இன்னொரு பெயர் அலெக்சாண்ட்ரோஸ். அவ்வளவு ஏன், மாசிடோனியாவின் அரச வரிசையிலேயே நம் பாடநூல்காரன் மூன்றாம் அலெக்சாண்டர். அவனுக்கு முன் இருவர் அந்தப் பெயரோடு அரியணையில் இருந்திருக்கிறார்கள். அவனும் முன்னோர் பெயரைச் சுமந்த பிள்ளைதான்.

தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் பேரன். வாப்பும்மா கேட்டது அந்த உரிமையைத்தான்.

கிரேக்கப் பெயர் அரபு மொழிக்குள் வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. அலெக்சாண்ட்ரோஸில் முதலில் உள்ள 'அல்' என்பதை அரபிகள் தங்கள் மொழியின் 'அல்' என்று எடுத்துக்கொண்டார்கள். அல்-கிதாப், அல்-மஸ்ஜித் என்பது போல அல்-இஸ்கந்தர் ஆயிற்று. 'க்ஸ்' என்ற ஒலியும் இடம் மாறி 'ஸ்க்' ஆனது. 'அல்' எடுத்துவிட்டால் இஸ்கந்தர். பாரசீகம் வழியாக வடஇந்தியாவுக்கு வந்தபோது முதல் எழுத்து தேய்ந்து சிகந்தர் ஆனது. நம் நாக்கு அதற்கு ஒரு ஒற்றைக் கொடுத்துச் சிக்கந்தர் ஆக்கியது. பக்கத்துக் கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்கள் இதே பெயரைச் சாண்டி என்று குறுக்கிக்கொண்டார்கள். அங்கே முதலமைச்சராக இருந்த உம்மன் சாண்டியின் பெயரில் உள்ள சாண்டியும் நம் தெருச் சிக்கந்தரும் ஒரே வேரில் முளைத்தவர்கள்.

துல்கர்னைன் யார்?

ஜும்ஆ நாளில் சூரா கஹ்ஃப் ஓதும் வழக்கமுள்ள வீடுகளுக்குத் துல்கர்னைனைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. அல்லாஹ் பூமியில் ஆட்சியும் வசதியும் கொடுத்த ஒரு நல்லடியார். மேற்கே போனார், கிழக்கே போனார், இரண்டு மலைகளுக்கு இடையே வாழ்ந்த ஒரு கூட்டத்தாரிடம் வந்தார். யஃஜூஜ் மஃஜூஜின் அட்டூழியத்தைத் தடுக்க ஒரு தடுப்பு கட்டித் தந்தால் கூலி தருகிறோம் என்றார்கள் அவர்கள். கூலி வேண்டாம், உடலுழைப்பால் உதவுங்கள் என்று சொல்லி, இரும்பும் உருக்கிய செம்பும் கொண்டு கட்டிக்கொடுத்தார். கட்டி முடித்ததும் இது என் திறமை என்று சொல்லவில்லை, இறைவனின் அருள் என்றார்.

இந்த வரலாறு முழுவதிலும் இஸ்கந்தர் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. துல்கர்னைன் என்பது பட்டப்பெயர், இரு கொம்புடையவர் என்று பொருள். அவர் யார் என்பதைக் குர்ஆன் சொல்லாமலே விட்டிருக்கிறது. ஆகவே குர்ஆனில் உள்ள பெயர் என்று காக்கா சொன்னது நிற்காது.

அப்படியானால் அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? விரிவுரையாளர்கள் பலர் அவரை இஸ்கந்தர் என்றே எழுதினார்கள். இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) தம் தஃப்ஸீரில் வைக்கும் வாதம் இது: கிழக்கையும் மேற்கையும் ஆண்ட இவ்வளவு பெரிய அரசர் வரலாற்றில் அறியப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும், அப்படி அறியப்பட்டவர் இஸ்கந்தர் ஒருவரே. ஆனால் ராஸீ அறிவுக்கு நேர்மையானவர். உடனே தம் வாதத்துக்குத் தாமே ஒரு மறுப்பையும் எழுதிவைத்தார். இஸ்கந்தர் தத்துவஞானி அரிஸ்டாட்டிலின் மாணவன், ஆசிரியரின் கொள்கையில் இருந்தவன், அப்படிப்பட்டவனை அல்லாஹ் புகழ்ந்தான் என்றால் அந்தக் கொள்கையும் சரி என்றாகிவிடுமே, இது வலுவான சிக்கல் என்றார்.

அந்தச் சிக்கலைப் பிற்கால அறிஞர்கள் நேராகவே அறுத்தார்கள். இப்னு தைமிய்யா (ரஹ்) இருவரும் வேறு வேறு ஆட்கள் என்றார். அவருடைய மாணவர் இப்னு கஸீர் (ரஹ்) இன்னும் விரிவாக எழுதினார்: முதலாமவர் நபி இப்ராஹீம் (அலை) காலத்தை ஒட்டிய இறைநம்பிக்கையாளர். இரண்டாமவன் பிலிப்பின் மகனான மாசிடோனியன், ஈஸா (அலை) அவர்களுக்குச் சுமார் 300 ஆண்டுக்கு முந்தியவன், அரிஸ்டாட்டிலை அமைச்சராகக் கொண்டவன். இருவருக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் இடைவெளி. இருவரையும் ஒருவராக்குவது பெரிய தவறு என்று அவர் கண்டித்தார். அல்பீரூனி துல்கர்னைனை யமன் நாட்டு மன்னர்களிடையே தேடினார். நம் காலத்தில் மௌலானா அபுல் கலாம் ஆசாத், பாரசீகத்தின் சைரஸ் மன்னராக இருக்கலாம் என்று எழுதினார்.

நமக்கு இப்னு கஸீரின் முடிவே சரியாகப் படுகிறது. அலெக்சாண்டரின் வாழ்க்கையை அறிந்த எவருக்கும் அப்படித்தான் படும். கி.மு. 335ல் தீப்ஸ் நகரைத் தரைமட்டமாக்கினான். எகிப்தின் சீவா பாலைவனச் சோலையில் இருந்த அம்மோன் கோயிலுக்குப் போய்வந்த பின் தன்னைத் தெய்வத்தின் மகனாகச் சொல்லிக்கொள்ள இடம் கொடுத்தான். தன் உயிரைக் காப்பாற்றிய தோழன் கிளைட்டஸை மதுவெறியில் ஈட்டியால் குத்திக் கொன்றான். பாரசீக முறைப்படி எல்லோரும் தன் முன் மண்டியிட வேண்டும் என்றான். கூலி வாங்காமல் தடுப்பு கட்டிக்கொடுத்து இறைவனைப் புகழ்ந்த அடியாரோடு இவனை எப்படிச் சேர்ப்பது? அவன் இறந்த பிறகு லைசிமாக்கஸ் என்ற தளபதி வெளியிட்ட நாணயங்களில் அவன் தலையில் அம்மோன் தெய்வத்தின் ஆட்டுக்கொம்பு உண்டு. கொம்பு இருந்ததால் மட்டும் கொம்புடையவர் ஆகிவிட முடியாது.

ஆசிரியரும் மாணவனும்

கி.மு. 343 அளவில் மன்னன் பிலிப், தன் மகனுக்குப் பாடம் சொல்ல அரிஸ்டாட்டிலை வரவழைத்தான். மியேசா என்ற ஊரில் பாடம் நடந்தது. உலகத்தின் மிகப் பெரிய அறிவாளியும் உலகத்தை வெல்லப் புறப்பட்டவனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் காட்சிதான் சிக்கந்தர் என்ற பெயரை வெறும் போர்வீரனின் பெயராக நிற்கவிடாமல், அறிவைப் பற்றிய பேச்சில் எல்லாம் இழுத்துக்கொண்டு வந்தது. கல்வி அதிகாரத்தைத் திருத்துமா? இரண்டாயிரம் ஆண்டாகக் கேட்கிற கேள்வி. அரிஸ்டாட்டிலின் உறவினரான கலிஸ்தனீஸ், மன்னனுக்கு மண்டியிட மறுத்தார். அவர் பின்னர் அவன் காவலிலேயே உயிர்விட்டார். ஆசிரியருக்கு மாணவன் கொடுத்த காணிக்கை அது.

முஸ்லிம் அறிஞர்கள் மாணவனைவிட ஆசிரியரையே அதிகம் எடுத்துக்கொண்டார்கள். அரபியில் அரிஸ்தூ என்ற அவருக்கு முதல் ஆசிரியர் என்று பட்டம் கொடுத்தார்கள். ஃபாராபீக்கு இரண்டாம் ஆசிரியர் என்று பட்டம். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தத்துவவாதிகளின் இறைக்கொள்கையைக் கடுமையாக மறுத்து நூல் எழுதினார். ஆனால் அவர்களுடைய தர்க்கக் கலையைத் தூக்கி எறியவில்லை. உஸூலுல் ஃபிக்ஹில் தாம் எழுதிய நூலுக்கு அதையே முன்னுரையாக வைத்தார். எதை எடுப்பது, எதை விடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதில் நம் சொந்த அனுபவம் ஒன்று. மத்ரஸாவில் மன்திக் என்ற தர்க்கப் பாடம் தொடங்கியபோது நமக்குக் கொடுத்த முதல் கிதாபின் பெயர் ஈஸாகூஜி. 13ஆம் நூற்றாண்டில் அஸீருத்தீன் அப்ஹரீ எழுதியது. இது என்ன பெயர், அரபி அகராதியில் இல்லையே என்று விழித்தோம். பிறகு கல்லூரியில் வரலாறு படிக்கும்போதுதான் விளங்கியது. ஐசகோகே என்றால் கிரேக்கத்தில் முன்னுரை. அரிஸ்டாட்டிலின் தர்க்கத்துக்கு 3ஆம் நூற்றாண்டில் போர்ஃபிரி என்ற தத்துவவாதி எழுதிய முன்னுரையின் பெயரை அப்ஹரீ அப்படியே தம் நூலுக்கு வைத்துக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக ஆலிம்கள் உளூவோடு உட்கார்ந்து ஓதிய கிதாபுக்குக் கிரேக்கப் பெயர்! ஃபல்ஸஃபா என்ற சொல்லும் கிரேக்கம். தலைவலிக்கு லேகியம் வாங்கும் யூனானி வைத்தியத்தில் உள்ள யூனானும், சங்கத்தமிழ் சொல்லும் யவனரும் ஒன்றே. நபி யூஸுஃப் (அலை) அவர்களை விற்ற விலையாகக் குர்ஆன் சொல்லும் திர்ஹமும் டிராக்மா என்ற கிரேக்கக் காசின் பெயரிலிருந்து வந்ததுதான். சொல்லுக்குப் பிறந்த ஊர் எது என்று பார்த்து ஒதுக்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்போம் என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் வெறுங்கைகள் சவப்பெட்டிக்கு வெளியே தெரியும்படி தூக்கிச் செல்லுங்கள் என்று அலெக்சாண்டர் வஸிய்யத் செய்ததாக ஒரு கதை உண்டு. நாமும் மேடையில் சொல்லியிருக்கிறோம். அழுதவர்களும் உண்டு. அவன் வாழ்க்கையை எழுதிய அர்ரியன், புளூட்டார்க் போன்ற பழைய நூலாசிரியர்களிடம் அது இல்லை. கதை நல்ல கதைதான், ஆனால் வரலாறு என்று சொல்லக்கூடாது. இப்போது அதைச் சொல்வதை விட்டுவிட்டோம்.

நம்மிடம் வந்த வழி

அலெக்சாண்டர் தமிழ்நாட்டுக்கு வரவே இல்லை. கி.மு. 326ல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸோடு போரிட்டவன், பியாஸ் ஆற்றோடு திரும்பிவிட்டான். கி.மு. 323ல் பாபிலோனில் இறந்தபோது வயது 33 நிறையவில்லை. பெயர் நம்மிடம் வந்தது முஸ்லிம்களின் கைகள் வழியாக.

முதல் கை ஸஹாபாக்களுடையது. எகிப்தில் அலெக்சாண்டர் உண்டாக்கிய நகரம் அலெக்சாண்ட்ரியா. உமர் (ரலி) ஆட்சியில், 640களின் தொடக்கத்தில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அதை வென்றார்கள். ஃபுஸ்தாத் என்று புதிய தலைநகரமே கட்டினார்கள். ஆனால் பழைய நகரத்தின் பெயரை மாற்றவில்லை. இன்றுவரை அது அல்-இஸ்கந்தரிய்யாதான். நம் கடற்கரையில் ஷாதுலிய்யா தரீக்காவின் ராத்திப் நடக்கும் ஊர்களுக்கு இந்தப் பெயர் இன்னும் நெருக்கமானது. ஹிகம் என்ற ஞான நூலை இயற்றிய இப்னு அதாவுல்லாஹ் (ரஹ்) அவர்களின் பெயரோடு ஒட்டியிருப்பதே அல்-இஸ்கந்தரீ என்பது. நம் வீடுகளில் ஓதும் புர்தா ஷரீஃபைப் பாடிய இமாம் பூஸீரி (ரஹ்) அடங்கியிருப்பதும் அந்த நகரத்தில்தான். சாச்சாவிடம் அன்று நாம் கேட்டது இது ஒன்றைத்தான்: புர்தா ஓதும்போது அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று நினைத்ததுண்டா?

அடுத்த கை கவிஞர்களுடையது. பாரசீகக் கவி நிஜாமி 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாடிய இஸ்கந்தர்நாமா இரண்டு பகுதி. முதல் பகுதியில் அவன் நாடு வெல்கிறான். இரண்டாம் பகுதியில் அஃப்லாத்தூன், அரிஸ்தூ போன்ற ஞானிகளோடு உட்கார்ந்து படைப்பைப் பற்றிப் பேசுகிறான். ஆபே ஹயாத் என்ற உயிர்நீரைத் தேடி கிள்று (அலை) அவர்களோடு இருட்டுக்குள் போய், தாகத்தோடு திரும்பி வரும் சிக்கந்தரும் இந்தக் கவிஞர்களின் உலகத்தவன்தான். வரலாற்றில் இருந்த மாசிடோனியன் இவனல்ல. உலகம் கையில் இருந்தும் ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காதவன் என்று அதிகாரத்தின் எல்லையைக் காட்டுவதற்காக முஸ்லிம்கள் வார்த்தெடுத்த உருவம். தில்லியில் அமீர் குஸ்ரூ, சிக்கந்தரின் கண்ணாடி என்ற பொருளுடைய காவியம் எழுதினார். இஸ்கந்தரிய்யா கலங்கரை விளக்கின் உச்சியில் வெகுதூரத்துக் கப்பல்களைக் காட்டும் கண்ணாடி ஒன்று இருந்ததாகக் கதை. மணப்பாடு விளக்கைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

குஸ்ரூவின் புரவலர் அலாவுத்தீன் கில்ஜி தம் நாணயங்களில் தம்மை இரண்டாம் சிக்கந்தர் என்று பொறித்துக்கொண்டார். அவருடைய தளபதி மாலிக் காஃபூர் 1311ல் மதுரை வரை வந்தார். பின்னர் மதுரையில் ஏற்பட்ட சுல்தான் ஆட்சியின் கடைசி மன்னர் 1370களில் ஆண்ட அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா. டமாஸ்கஸில் இப்னு கஸீர் (ரஹ்) மறைந்தது 1373ல். இரண்டு இஸ்கந்தர்களைப் பிரித்துக்காட்டிய அறிஞர் அங்கே கண்மூடிய அதே பத்தாண்டில் இங்கே ஒரு சிக்கந்தர் அரியணையில் இருந்திருக்கிறார். திருப்பரங்குன்றம் மலைமேல் உள்ள தர்கா அவருடையது என்றே பலரும் சொல்கிறார்கள். அந்த மலையின் உரிமை வழக்கு 1931ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது, இன்றும் பேசப்படுகிறது. அதற்குள் நாம் இங்கே போகவில்லை. ஆனால் அந்தச் சர்ச்சையின் சூட்டில், சிக்கந்தர் என்ற பெயரை வைக்கவே தயங்கும் பெற்றோரைப் பார்க்கிறோம். வீம்புக்காகவே வைக்க நினைப்பவர்களையும் பார்க்கிறோம். இரண்டுமே பிள்ளைக்காக எடுக்கும் முடிவு இல்லை.

பெயர் கடல் கடந்தும் போனது. மலாய் சுல்தான்களின் வரலாறான செஜாரா மெலாயு, மலாக்கா அரச வம்சத்தை இஸ்கந்தர் துல்கர்னைனிடமிருந்து தொடங்குகிறது. அந்த வம்சாவளியின் நடுவில் ராஜா சூலான், ராஜா சூரான் என்ற பெயர்கள் வருகின்றன. சோழர் என்ற பெயரின் எதிரொலி அது என்பது ஆய்வாளர்கள் கருத்து. கிரேக்கப் பெயரும் சோழர் பெயரும் ஒரே குடும்ப மரத்தில்! அந்த நூலை 1830களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் முதன்முதலாக அச்சுக்குக் கொண்டுவந்தவர் முன்ஷி அப்துல்லாஹ். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் யமனிலிருந்து நாகூர் வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கியவர். ஜொகூரில் இன்று இஸ்கந்தர் புத்ரி என்று ஒரு நகரமே இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார்கள்.

ஆண் பெயர் என்றுதானே நினைக்கிறோம்? போபாலை 19ஆம் நூற்றாண்டில் ஆண்ட நவாப் சிக்கந்தர் பேகம் ஒரு பெண். 1863-64ல் ஹஜ்ஜுக்குப் போய்வந்து பயண நூலும் எழுதினார்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய பெயர்கள், அல்லாஹ் அல்லாதவருக்கு அடிமை என்ற பொருளுள்ளவை, சிலைகளின் பெயர்கள், கெட்ட பொருளுடையவை: இவை கூடாது. மற்றவற்றில் அடிப்படை ஆகுமானது என்பதே. அரபியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இப்ராஹீம், இஸ்மாயீல், யஃகூப் ஆகியவை அரபு வேர்ச்சொற்கள் அல்ல என்று இலக்கண அறிஞர்களே எழுதியிருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் பெயர்களை மாற்றியிருக்கிறார்கள், பொருளைப் பார்த்து மாற்றினார்கள். மாறு செய்பவள் என்ற பொருளுள்ள ஆஸியா என்ற பெயரை ஜமீலா ஆக்கினார்கள். (ஃபிர்அவ்னின் மனைவியான ஆஸியாவின் பெயர் வேறு எழுத்து, வேறு பொருள். பெண்ணுக்கு அந்தப் பெயர் வைத்தவர்கள் பதற வேண்டாம்.) கரடுமுரடு என்ற பொருளுள்ள ஹஸ்ன் என்பவரிடம் ஸஹ்ல், அதாவது எளிது என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். என் வாப்பா வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்றார் அவர். அந்தக் கரடுமுரடு எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது என்று பிற்காலத்தில் அவருடைய பேரர், தாபியீன்களில் பெரிய அறிஞரான ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) சொன்னார்கள்.

அதே நபி (ஸல்) அவர்கள் உமர், ஹம்ஸா, காலித் என்ற பெயர்களை மாற்றவில்லை. அவை ஜாஹிலிய்யா காலத்துத் தகப்பன்மார் வைத்த பெயர்கள். இதில் ஒன்றைச் சாச்சா போன்ற இளைஞர்கள் யோசிக்க வேண்டும். அபூஜஹ்லின் இயற்பெயர் அம்ரு. இஸ்லாத்தின் கொடும் எதிரி சுமந்த பெயர் என்பதற்காக அம்ரு என்ற பெயர் விலக்கப்படவில்லை. இஸ்கந்தரிய்யாவை வென்ற ஸஹாபியின் பெயரும் அம்ருதான்.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று வெளியூர்க்காரர்களுக்கு இது ராக்கெட் தளம் வரும் ஊர், தசரா நடக்கும் ஊர். ஊரின் பெயரோ குலசேகரன் என்ற பாண்டிய மன்னருடையது. அந்தப் பெயரோடு 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட மாறவர்மன் குலசேகரனின் காலத்தில், காயல் முதலிய துறைமுகங்களின் பொறுப்பு தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற முஸ்லிமிடம் இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். குலசேகரன்பட்டினம் என்று நிக்காஹ் பதிவேட்டிலும் முகவரியிலும் கூச்சமில்லாமல் எழுதுகிறோம். முஸ்லிமல்லாத மன்னரின் பெயர் என்று ஒருவரும் பேனாவைக் கீழே வைத்ததில்லை.

சாச்சா சொன்னதில் ஒரு பகுதியை நாம் மறுக்கவில்லை. அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் போன்ற பெயர்களே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானவை என்று ஹதீஸ் இருக்கிறது. அந்தப் பெயர்களை வைத்தால் சிறப்பு. அதற்காகச் சிக்கந்தர் என்று வைத்தால் குற்றம் என்று ஆகிவிடாது. மாசிடோனியனைப் போற்றுவதற்காக வைப்பது வேறு. ஐவேளையும் பள்ளிக்கு வந்த தம் பாட்டனாரின் நினைவாக வைப்பது வேறு. நிய்யத் எது என்பது அந்த வீட்டாருக்கே தெரியும்.

கிளம்பும் முன் குழந்தையின் உம்மாவிடம் கேட்கச் சொன்னோம். கொஞ்ச நேரம் அறைக்குள் பேச்சு நடந்தது. முன்னால் முஹம்மது சேர்த்து முஹம்மது சிக்கந்தர் என்று வைக்கலாம் என்று பதில் வந்தது. காக்காவுக்குச் சம்மதம். சாச்சா சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, துல்கர்னைன் பேர் என்று மட்டும் யாரும் சொல்லித் திரியக்கூடாது என்றார். அது நியாயம்தான் என்றோம்.

இன்னொரு வேலையும் இருந்தது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஆங்கில எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சிக்கந்தர் என்ற பெயருக்கு ஒரு 'கே' போடுவதா, இரண்டு போடுவதா, கடைசியில் 'ஏ'யா 'ஈ'யா என்று ஆளுக்கொரு விதமாக எழுதி, வளைகுடா விசாவுக்கு நிற்கும்போது அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். மவுத்தானவரின் பழைய ரேஷன் அட்டையை எடுத்துவரச் சொன்னோம். அதில் இருந்த எழுத்தையே குறித்துக்கொண்டார்கள். வாப்பும்மா மட்டும் பேரனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். வாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்.